விரல் மடங்கிய பிறகு

மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதுதான் கோவிந்தப்ப வெங்கடசாமியின் ஆசை. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைச் சின்ன வயதில் பார்த்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, 1944இல் பட்டம் வாங்கி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முப்பது வயதை எட்டும்போது முடக்குவாதம் தாக்கியது. நெடுநாள் படுக்கையில் கிடந்து எழுந்தபோது கைவிரல்கள் கோணி மடங்கியிருந்தன. பிரசவம் பார்க்க அந்தக் கை உதவாது என்றாகிவிட்டது.

அவர் கண் மருத்துவம் படிக்கப் போனார். மடங்கிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்யச் சொல்லி, கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைச் சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கு மேல்.

பள்ளிக்கூட விழாக்களில் மன உறுதிக்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்வார்கள். சரிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 'நான் இன்னார்' என்ற நினைப்பை அவர் திரும்பத் திரும்பக் கழற்றி வைத்ததுதான். முதல் தடவை நோய் கழற்ற வைத்தது. பிறகு அவராகவே கழற்றினார்.

அது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருந்தபோது பார்த்தேன். அங்கே ஒரு ஸ்பின்னிங் மாஸ்டர். நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டி, அதன் சன்னம் நாற்பதாம் கவுண்டா அறுபதா என்று சொல்லிவிடுவார். அவரை மேனேஜராக்கினார்கள். பஞ்சு கொள்முதல் ஃபைல் மேஜையில் காத்துக் கிடக்கும். அவர் ஷெட்டுக்குள் ஃபிட்டர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கித் தானே முடுக்கிக்கொண்டிருப்பார். லேப் ரிப்போர்ட் வந்தால், "என் கைக்குத் தெரியாதது மெஷினுக்குத் தெரிஞ்சிருமா?" என்று ஒதுக்கி வைப்பார். நல்ல மனிதர், அசராத உழைப்பாளி. பஞ்சு விலை ஏறிய ஒரு வருஷம், கொள்முதல் தள்ளிக்கொண்டே போய், ராத்திரி ஷிப்டை நிறுத்த வேண்டியதாயிற்று. வேலை இழந்தவர்களில் பலர் அவரிடம் தொழில் கற்றவர்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கைத்தொழிலில் கெட்டிக்காரர் என்றுதான் ஒருவரைத் தலைமைக்குக் கொண்டுவருகிறோம். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை விட்டால் தான் ஒன்றுமில்லாமல் போய்விடுவோம் என்ற பயம் அவருக்கு வந்துவிடுகிறது. பதவி உயர்வு கொடுக்கிறவர்கள் இந்தப் பயத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வெங்கடசாமிக்கும் அந்தப் பயம் வந்திருக்கலாம். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவின் தலைவராக இருந்து, 1976இல், 58 வயதில், ஓய்வு பெற்றவர். அதே வருஷம் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பேர்பெற்ற சர்ஜன் என்ற பெருமையோடு கடைசிவரை இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் புரை விழுந்து, பார்வையில்லாமல் கிராமத்துத் திண்ணைகளில் முடங்கிக் கிடந்தவர்களின் எண்ணிக்கை ஒரு சர்ஜனின் கைக்கு அடங்குவதாக இல்லை. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்தபோது, எந்த ஊரிலும் ஒரே தரத்தில் இத்தனை பேருக்கு எப்படிக் கொடுக்கிறார்கள் என்று யோசித்தார். சாப்பாட்டுக் கடையிடம் பாடம் கேட்க அந்தப் பேராசிரியர் கூச்சப்படவில்லை.

அரவிந்த் ஆபரேஷன் தியேட்டரில் ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது எல்லாம், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கையில். என் அம்மாவுக்கு அங்கே புரை எடுத்தபோது, "மேலே பாருங்கம்மா, லேசா எரியும், அவ்வளவுதான்" என்று இமையைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்ட பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் அம்மா அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு பெரிய டாக்டர் தன் வேலையில் பாதியைப் பிரித்துக் கொடுக்க மனம் வைத்ததால் வந்த நன்மை இது.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. மருத்துவமனைக்கு எதற்குத் தொழிற்சாலை என்று நினைக்காமல், 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. நூறு டாலரைத் தாண்டி விற்ற லென்ஸ் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது.

எல்லாவற்றையும் தளர்த்திக்கொண்டே போவதும் தலைமைக்கு அழகல்ல. காசில்லாதவருக்கும் பார்வை திரும்ப வேண்டும் என்பதில் அவர் இம்மியும் இறங்கவில்லை. அந்த ஒன்றை இறுகப் பிடித்ததால்தான் மற்றதையெல்லாம் அவரால் விட முடிந்தது என்பது என் எண்ணம். 2006இல் அவர் காலமானார். அவரிடம் படித்தவர்களும் குடும்பத்து இளையவர்களும் மருத்துவமனையைத் தொடர்ந்து நடத்தினார்கள்.

பொறுப்பில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இதை நான்தான் பார்க்கணும்' என்று நீங்கள் வைத்திருக்கும் வேலை ஒன்று இருக்கும். இந்த மாதமே அதை ஓர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படையுங்கள். முதலில் தடுமாறுவார். ஸ்பானரை வாங்கிவிடாதீர்கள்.