டெகார்ட் ஒளித்து வைத்த புத்தகம்

நவீன ஐரோப்பியத் தத்துவத்தின் தந்தை என்று ரெனே டெகார்ட்டைச் சொல்வார்கள். உண்மையைத் தேடிக் கிளம்பியவர்தான். ஆனால் 1633-ல் அவர் செய்த காரியம் வேறு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காக ரோமில் கலிலியோ தண்டிக்கப்பட்ட செய்தி நெதர்லாந்தில் இருந்த அவருக்கு எட்டியது. அவர் எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்த 'உலகம்' என்ற நூலிலும் அதே பூமி அதே மாதிரிதான் சுற்றிக்கொண்டிருந்தது! சாகும்வரை அதை அவர் வெளியிடவில்லை.

கோழைத்தனமா? இருக்கலாம். ஆனால் தேடலை விட்டுவிடவில்லை. ஒன்று உண்மை என்று முடிவு செய்வது யார்? திருச்சபையா, அரிஸ்டாட்டிலா? இரண்டும் இல்லை என்றது 1641-ல் வந்த 'தியானங்கள்'. கண் ஏமாற்றலாம், கனவு ஏமாற்றலாம். சந்தேகப்படுகிறவன் இருக்கிறான் என்பதை மட்டும் அவனால் சந்தேகப்பட முடியாது. அதுபோல மனதுக்குத் தெள்ளத் தெளிவாகப் படுவதெல்லாம் உண்மை.

தெளிவாகப் பட்டதே பொய்யாக இருந்தால்? கடவுள் ஏமாற்றமாட்டார், அவர்தான் உத்தரவாதம் என்றார்.

இங்கேதான் 29 வயது இறையியலாளர் அந்துவான் ஆர்னோ பிடித்துக்கொண்டார். கடவுள் இருப்பது எப்படித் தெரியும்? தெளிவாகப் படுகிறது. தெளிவாகப் படுவது உண்மை என்று எப்படித் தெரியும்? கடவுள் இருக்கிறாரே... செக்குமாடு சுற்றிய கதைதான்.

டெகார்ட் சொன்ன பதில் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை, அது வேறு விஷயம். ஆனால் இந்த முறை எதையும் ஒளிக்கவில்லை. ஆர்னோவின் ஆட்சேபங்களைத் தன் நூலின் முதல் பதிப்பிலேயே சேர்த்து அச்சிட்டார்.

1663-ல் 'தியானங்கள்' திருச்சபையின் தடைப் பட்டியலில் ஏறியது, 'திருத்தப்படும் வரை' என்ற குறிப்போடு. டெகார்ட் இறந்து அப்போது 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.