இரண்டாவது கையெழுத்து

ஆண்டு விழாவில் பள்ளி வரலாறு பேசுவது எப்போதும் நான்தான். 1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவ மீனவருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததில் தொடங்குவேன். தேவாலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று பாடுபட்ட சாவறா அச்சன், 1937இல் பிறந்த திருவனந்தபுரம் மறைமாவட்டம் என்று பேச்சு வளரும். பிடித்த மீனில் கோயிலுக்கு ஒதுக்கிய பங்கில் எழுந்தது நம் கட்டடம் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

அதே வாயால்தான் ஆசிரியர் அறையில் கேட்டேன்: "இது பள்ளிக்கூடமா, சத்திரமா?"

திருவனந்தபுரம் கரையில் எங்கள் வலியதுறைப் பக்கம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் கடலேறி வீடுகளை இழுத்துப் போவது புதிதல்ல. ஒரு வருடம் அப்படி வீடிழந்தவர்களுக்கு எங்கள் கீழ்த்தள வகுப்பறைகளைத் திறந்துவிட்டார்கள். ஒரு வாரம் என்றார்கள், மாதங்கள் ஆயின. பெஞ்சுகளை அடுக்கி, நடுவே சேலை கட்டி மறைத்துக் குடும்பங்கள் இருந்தன. மண்ணெண்ணெய் நெடி மாடிவரை வரும். எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி குறையும் என்று சொல்லி, அவர்களை வேறிடம் மாற்றும்படி நாங்கள் சிலர் மேலாளர் அச்சனுக்குக் கடிதம் கொடுத்தோம். வாசகம் என்னுடையது. 'மாணவர் நலன் கருதி' என்று எழுதினேன். என் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தச் சேலைக்குப் பின்னால்தான் படுத்துறங்கினான். அவனும் மாணவன் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை என்றால் பொய். தோன்றியது. எழுதினேன்.

எங்களுடையது எயிடட் பள்ளி. நியமனம் சபையுடையது, சம்பளம் அரசாங்கத்துடையது. 1959இல் நடைமுறைக்கு வந்த கேரளக் கல்விச் சட்டம் என் மாதச் சம்பளத்துக்கு உறுதி தந்திருந்தது. அவர்கள் வீட்டுக்கு அப்படி உறுதி தர யாருமில்லை.

கடைசியில் அந்தக் குடும்பங்கள் கிடங்கு ஒன்றுக்கு மாறிப் போயின. போகிற அன்று அந்த மாணவனின் அம்மா என்னிடம், "டீச்சரே, பையன் படிப்பைப் பாத்துக்கோ" என்றாள். அந்தக் கரைப் பேச்சில் தமிழ் கலந்திருக்கும். என் வீட்டு மொழியிலேயே கேட்டாள். தலையாட்டினேன். பிறகு அவன் வராத நாட்களில் ஏனென்று கேட்கக்கூட நான் போகவில்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்தக் கரையின் ஆண்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிச் செங்கன்னூர் வரை போய் மனிதர்களை மீட்டார்கள். அவன் அப்பாவும் போயிருந்தார். பாராட்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியவள் நான்.

அவன் இப்போதும் வழியில் கண்டால் "டீச்சரே" என்று நிற்பான். கடிதத்தில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.