துணை தேடும் ஆட்டமும் துணை விற்கும் ஆட்டமும்

விளையாட்டே வேண்டாம் என்று கூறும் மார்க்கமன்று நம்முடையது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியுள்ளார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, அன்னையார் பார்த்துச் சலிக்கும்வரை அவர்களுக்காகப் பொறுமையுடன் நின்றுள்ளார்கள். ஆதலின் பிள்ளைகளின் விளையாட்டைக் கண்டதும் முகம் சுளிப்பது அறிவுடையோர்க்கு அழகன்று. ஓர் ஆட்டம் ஆடுபவனிடம் எதைக் கேட்கின்றது, அவனுக்கு எதைப் பழக்குகின்றது என ஆராய்வதே முறையாகும். இணையத்தில் வேடம் புனைந்து ஆடும் மாய உலக ஆட்டங்கள் இரண்டினை அம்முறையில் ஒப்பு நோக்குவோம்.

இதற்கு வழிவகுத்தது ஒரு வீட்டு வழக்கு. பெங்களூரில் பணிபுரியும் நம் தமக்கையின் மகன் பெருநாள் விடுமுறைக்குக் குடும்பத்தோடு பென்னாகரம் வந்திருந்தார். அவருக்கும் அவருடைய பதின்மூன்று வயது மகனுக்கும் ஓயாத வாதம். "அத்தாவுடைய ஆட்டம் கிழட்டு ஆட்டம், நன்னா" என்றான் பையன். "இவனுடையது ஆட்டமே இல்லை மாமு, கடை" என்றார் தந்தை. இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்பது காஜிகளுக்குரிய விதியன்றோ? ஆகவே இருவரையும் ஆடச் சொல்லி, இரண்டு நாள் அருகிருந்து பார்த்தோம்.

தந்தையின் ஆட்டம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். கலிபோர்னியாவின் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. மாதச் சந்தா செலுத்தி ஆட வேண்டும். 2010 அக்டோபரில் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 இலட்சத்தைத் தொட்டது. வீரன், மந்திரவாதி, குருமார் என ஒரு வேடத்தை மேற்கொண்டு மலையும் கானகமும் கடந்து செல்ல வேண்டும். அதன் நிலவறைகளில் நுழைய ஐவர் தேவை: அடியைத் தாங்க ஒருவர், காயத்தை ஆற்ற ஒருவர், தாக்குதல் தொடுக்க மூவர். தனியொருவன் வெல்வது அரிது. தொடக்க காலத்தில், ஊர் முகப்பில் நின்று முகமறியாத நால்வரை அழைத்துத் திரட்டி, நெடுவழி நடந்தே நிலவறை வாயிலை அடைய வேண்டும். துணைவரை நடுவில் கைவிட்டு ஓடியவனின் பெயர் கெடும். மறுமுறை எவரும் அவனை அழையார். மாய உலகிலும் நாணயம் வேண்டியிருந்தது.

2009 டிசம்பரில் ஒரு வசதி புகுத்தப்பட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியே ஐவரைச் சேர்த்து நிலவறைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். வேலை எளிதாயிற்று, பேச்சு குறைந்தது. ஐவரும் ஒரு சொல்லும் பேசாது கூடி, கொன்று, பிரிந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பழைய உருவமே வேண்டும் என ஆட்டக்காரர் பலர் வற்புறுத்தினர். 2019 ஆகஸ்டில் அந்நிறுவனமே பழைய ஆட்டத்தைக் 'கிளாசிக்' என்னும் பெயரில் மீண்டும் திறந்தது. சிரமத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மக்கள் கேட்டுப் பெற்ற விந்தை இது! நம் ஊரிலிருந்து ஒகேனக்கலுக்குப் பேருந்தில் செல்பவன் அருவியைக் காண்பான். நடந்து செல்பவன் அருவியோடு ஒரு வழித்துணையையும் பெறுவான்.

மகனுடைய ஆட்டம் கென்ஷின் இம்பாக்ட். ஷாங்காயின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்டது. சந்தா இல்லை, கைபேசியிலேயே ஆடலாம். அதன் அழகை மறைத்துக் கூறுவது நீதியன்று. மலையும் துறைமுகமும் பாலைவனமும் ஓவியம்போல் விரிகின்றன. இசை உள்ளத்தைத் தொடுகின்றது. எனினும் இங்கே நால்வர் படையின் நால்வரும் ஒருவனுக்கே உரியவர்கள். ஒரு தொடுதலில் ஒருவர் மறைய மற்றொருவர் தோன்றுவார். பிற மனிதரை அழைத்து ஆடவும் இயலும். ஆனால் பெரும்பாலான நேரம் அதற்குத் தேவையே எழுவதில்லை. பழைய ஆட்டத்தில் துணைவன் வேறொரு மனிதன். புதிய ஆட்டத்தில் துணைவன் ஓர் உடைமை.

அவ்வுடைமை கிடைக்கும் வழிதான் குலுக்கல். ஒரு குலுக்கலில் உயர்தரத் துணைவர் கிடைக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஆறு. தொண்ணூறாவது குலுக்கலுக்குள் ஒருவர் வருவது உறுதி. ஆனால் விரும்பியவரே வருவார் என்பது முதன்முறை உறுதியில்லை. குலுக்கலுக்குரிய கற்களைப் பொறுமையாக ஆடியும் ஈட்டலாம். காசு கொடுத்தும் வாங்கலாம். விரும்பிய துணைவரோ ஏறத்தாழ மூன்று வாரமே குலுக்கலில் நிற்பார். பையன் பெருநாள் காசை எடுத்து வைத்துக் காத்திருந்தது 'அல்ஹைதம்' என்னும் அறிஞர் வேடத்திற்காக! பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலை இயற்றிய இப்னு அல்ஹைதமின் பெயர் நம் நெஞ்சில் எழுந்தது. எதையும் சோதித்து அறிந்த பேரறிஞரின் பெயர் குலுக்கலில் வந்து நிற்கின்றது.

இங்கே ஒரு நுட்பத்தை உணர வேண்டும். சீட்டுக் குலுக்குவதெல்லாம் சூதன்று. பழைய ஆட்டத்திலும் குலுக்கல் உண்டு. ஐவர் கூடி வீழ்த்திய விலங்கிடம் கிடைத்த ஒரு பொருளை இருவர் விரும்பினால், ஒன்று முதல் நூறு வரை எண் உருட்டிப் பெரிய எண் பெற்றவர் எடுத்துக் கொள்வார். உழைப்பால் சம உரிமை பெற்றவர்களிடையே ஒருவரைத் தேர்வதாகிய இது 'குர்ஆ' எனப்படும். மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்பதற்கு எழுதுகோல்கள் எறியப்பட்டதைத் திருமறை கூறுகின்றது. நபிகளாரும் பயணத்தில் உடன்வரும் மனைவியாரைச் சீட்டினால் தேர்ந்துள்ளார்கள்.

'மைஸிர்' என்பதோ வேறு. அறியாமைக் கால அரபியர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டுப் பத்து அம்புகளைக் குலுக்குவர். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள், மூன்று வெறுமை. வெறும் அம்பு பெற்றவன் விலையைக் கொடுப்பான், இறைச்சி பெறான். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை பேசுவர். அதனால்தான் அல்பகரா 219ஆம் வசனம் அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென ஒப்பி, பாவமே பெரிதென அறிவிக்கின்றது. அல்மாயிதா 90ஆம் வசனம் முற்றிலும் விலகுமாறு ஆணையிடுகின்றது. இச்சொல் 'யுஸ்ர்', அதாவது எளிமை, என்பதிலிருந்து பிறந்தது என்பர் சொல்லாய்வாளருள் ஒரு சாரார். அந்தப் பழைய சூதிலாவது ஓர் ஏழையின் அடுப்பு எரிந்தது. இன்றைய குலுக்கலில் எவர் வீட்டு அடுப்பு எரிகின்றது?

"ஏதேனும் ஒரு பொருள் கிடைக்கத்தானே செய்கின்றது, இது எப்படிச் சூதாகும்?" எனக் கேட்பாருண்டு. முழுத் தீர்ப்பை முஃப்திகள் வழங்கட்டும். ஆயினும், வாங்குவது இன்னதென்று அறியாமல் விலை கொடுப்பது 'ஃகரர்' என்பதையும், நீரிலுள்ள மீனையும் வானிலுள்ள பறவையையும் விற்கலாகாது என்பதையும் ஃபிக்ஹு படிக்கும் மாணவனும் அறிவான். உலகியல் சட்டங்களும் இதனை உணரத் தொடங்கியுள்ளன. 2018இல் பெல்ஜியம் காசுக்கு விற்கும் இத்தகைய மறைபொருட் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்திற்கு மாறானவை என்றது. 2025 ஜனவரியில் கென்ஷின் ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் அமெரிக்காவில் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோர் இசைவின்றிப் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கு இவற்றை விற்காதிருக்கவும் உடன்பட்டது. நம் நாடாளுமன்றமும் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. ஆனால் எந்தச் சட்டமும் பிள்ளையின் கைபேசி அருகில் வந்து அமர்ந்திராது. அங்கே அமர வேண்டியவர் பெற்றோரே.

நாம் சொன்ன தீர்ப்பு தந்தைக்கும் முழு வெற்றி தரவில்லை. "நிலவறைக்காக விழித்த இரவுகளில் எத்தனை ஃபஜ்ரு தப்பியது?" என்றோம், அவர் தலை குனிந்தார். "முகமறியாத நால்வருக்குத் துணை நின்றீர், உம் மகனோடு ஒரு மாலையேனும் ஆடியதுண்டா?" என்றும் கேட்டோம். புதிய ஆட்டமும் நால்வர் கூடி ஆட இடந்தருவதால், தந்தை அதில் இறங்கி மகனுக்கு வழித்துணையாக வேண்டும். மகன் பொறுமையால் ஈட்டிய கற்களோடு நிற்க வேண்டும், பெருநாள் காசு குலுக்கலுக்குள் போகலாகாது என்றோம். தந்தை அன்றே இசைந்தார். பையன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். அவன் யோசிப்பதே நமக்கு மகிழ்ச்சி.

பெற்றோர்களே! பிள்ளையின் ஆட்டத்தின் பெயரைக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அது மனிதரிடம் கொண்டு சேர்க்கின்றதா, மனிதரைத் தேவையற்றவராக்குகின்றதா? பொறுமைக்குப் பரிசளிக்கின்றதா, பொறுமையின்மைக்கு விலை வைக்கின்றதா? இவற்றைக் கேளுங்கள். விடை காண, சிறிது நேரம் அவர்கள் அருகில் அமருங்கள். வல்ல நாயன் நம் மக்களுக்கு நல்ல துணையையும், அத்துணையைத் தேடி நடக்கும் பொறுமையையும் வழங்குவானாக! ஆமீன்.