மூணாறு பக்கம் ஜீப் சஃபாரி: குடும்பத்தோடு போனால் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம்?

லீவுக்கு மூணாறு என்று முடிவாகி, ரூம் புக் செய்த கையோடு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழும். மேகத்துக்கு மேலே சூரியன், குலுங்கிக் குலுங்கி ஏறும் ஜீப், பின்னணியில் ஒரு பாட்டு. "நாமளும் போறோம்!" என்று காலேஜ் படிக்கும் தம்பி எழுதுவான். "எனக்கு இடுப்பு வலிப்பா" என்று பெரியம்மா எழுதுவார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிடும். கடைசியில், எந்த ஜீப், எந்தப் பாதை என்பதை லாட்ஜ் வாசலில் வந்து நிற்கும் புரோக்கர்தான் முடிவு செய்வார்.

இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடலாம். ஏனென்றால், இடுக்கி மாவட்டத்தில் 'ஜீப் சஃபாரி' என்ற ஒரே பெயரில் விற்கப்படும் பயணங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. தமிழ்நாட்டிலிருந்து போகும் குடும்பங்கள் அதிகம் விசாரிக்கும் மூன்றை மட்டும் பார்ப்போம்.

கொழுக்குமலை: விடியலுக்கு முன் ஒரு குலுக்கல்

7,000 அடிக்கு மேல் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால், வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவின் சூரியநெல்லி வழியாகத்தான் போக முடியும். தமிழகப் பக்கம் குரங்கணியிலிருந்து இருப்பது நடைபாதை மட்டுமே. 2018 மார்ச்சில் அந்த மலைச்சரிவில்தான் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் உயிரிழந்தார்கள்.

சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் சுமார் 12 கிலோமீட்டர். கேட்க 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால், இந்தத் தூரத்துக்கு ஒரு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். பாதையின் பெரும்பகுதி பெயர்ந்த கற்களும் பள்ளமும்தான். சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் அதிகாலை 4 மணி வாக்கில் கிளம்ப வேண்டும். மேலே போய் நின்றால், போடி பக்கத்துச் சமவெளியை மூடியிருக்கும் மேகத்தின் மேல் சூரியன் எழும். பக்கத்திலேயே போட்டோக்களில் பிரபலமான சிங்கப்பாறை. அங்கே பழைய பாணியில் இயங்கும் தேயிலை ஃபேக்டரியும் உண்டு.

இதே பாதையில் பகலிலும் ஜீப் போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பகலில் போனால், தூக்கமும் கெடாது, குளிரும் குறைவு. குலுக்கல் மட்டும் அதேதான். அதில் தள்ளுபடி கிடையாது.

மீசப்புலிமலை: ஜீப் பாதி, கால் பாதி

2,640 மீட்டர் உயரமுள்ள இந்தச் சிகரத்துக்கு ஜீப் போகாது. கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் முன்பதிவு செய்தால், குறிப்பிட்ட இடம் வரை ஜீப்பில் போய், அங்கிருந்து வழிகாட்டியோடு நடக்க வேண்டும். புல்வெளி மேடுகளில் ஏறி இறங்கிப் பல மணி நேர நடை. தினமும் நடந்து பழகியவர்களுக்கு அருமையான நாளாக அமையும். "ஜீப்தானே, உட்கார்ந்துக்கலாம்" என்று நினைத்து வரும் பெரியவர்களுக்கு இது சரிவராது. புக் செய்யும்போதே, 'ஜீப் எதுவரை, நடை எவ்வளவு' என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ராமக்கல்மேடு: சின்னச் சவாரி, பெரிய காற்று

தேக்கடிக்கோ, கம்பம் பக்கமோ போகிறவர்களுக்கு இது வசதி. மூணாறிலிருந்து என்றால் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மலை விளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு கட்டம் கட்டமாகத் தெரியும். காற்று ஆளைத் தள்ளும். சுற்றிலும் காற்றாலைகள். குறவன் குறத்தி சிலை வரை வந்துவிட்டு, அங்கிருந்து ஆமைப்பாறைக்கு ஜீப்பில் போய்வரலாம். இதுவும் கரடுமுரடான பாதைதான். ஆனால், கொழுக்குமலையோடு ஒப்பிட்டால் குறுகிய நேரத்தில் முடிந்துவிடும். 'ஒரு தடவை ஏறிப் பார்க்கணும்' என்ற ஆசைக்கும் முதுகுக்கும் நடுவே சமரசம் செய்ய நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

யார் எங்கே உட்காருகிறார்கள்?

நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து எடுத்தவை. பின்னால் உட்கார்ந்தவரின் அனுபவம் வேறு.

இந்தப் பாதைகளில் ஓடும் பழைய மாடல் ஜீப்புகளில் பின்சீட் என்பது, ஒருவரை ஒருவர் பார்த்தபடி பக்கவாட்டில் உட்காரும் பெஞ்ச். அது பின்சக்கரத்துக்கு மேலேயோ, அதற்கும் பின்னாலோ இருக்கும். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது, அந்த அடி நேராக இடுப்புக்கு வரும். பெரும்பாலும் சீட் பெல்ட்டும் இருக்காது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் சீட்டில்தான் குலுக்கல் குறைவு. எனவே, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு முன்சீட்டையோ, நடுசீட்டையோ கொடுத்துவிட்டு, இளைஞர்கள் பின்னால் போக வேண்டும். செல்ஃபிக்காக முன்சீட்டைப் பிடிக்கும் தம்பியிடம் இதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பிணிகள், முதுகு, கழுத்து பிரச்னை உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் கொழுக்குமலைப் பாதையைத் தவிர்த்துவிடுவதே நல்லது. இதய நோய் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் குழந்தையையும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போய்ப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். அந்தச் சோதனை வேண்டாமே.

போர்டு என்ன கலர்?

2025 ஜூலையில் மூணாறு அருகே சஃபாரி ஜீப் ஒன்று கவிழ்ந்து, தமிழகத்திலிருந்து போன சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து, இடுக்கி மாவட்ட நிர்வாகம் மாவட்டம் முழுவதும் ஜீப் சஃபாரியையே நிறுத்திவைத்தது. வண்டிகளையும் டிரைவர்களையும் பரிசோதித்த பிறகுதான் மீண்டும் படிப்படியாக அனுமதி கொடுத்தார்கள். எனவே, 'இந்தப் பாதைக்கு இப்போது அனுமதி இருக்கிறதா?' என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கனமழை எச்சரிக்கை நாட்களில் தடை வருவதும் உண்டு.

அடுத்து, நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து இருந்தால், அது வாடகைக்கு ஓட்டப் பதிவான வண்டி. வெள்ளை போர்டு என்றால், சொந்த உபயோகத்துக்கான வண்டி. அதில் வாடகைக்குப் போய் ஏதாவது ஆனால், இன்ஷூரன்ஸ் கிடைப்பதே சிக்கலாகிவிடும். ஜீப்பில் எத்தனை பேருக்கு அனுமதி என்றும் கேளுங்கள். "அட்ஜஸ்ட் பண்ணி உட்காருங்க" என்றால் அடுத்த ஜீப்பைப் பாருங்கள்.

கட்டணம் தலைக்கா, ஜீப்புக்கா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பொதுவாக ஜீப்புக்குத்தான் வாடகை. தோட்டத்தின் நுழைவுக் கட்டணம் அதில் சேர்ந்ததா, தனியா என்றும் கேட்கலாம். சூரியநெல்லியில் மாவட்ட சுற்றுலா மேம்பாட்டுக் கவுன்சிலின் கவுன்டரில் நேரடியாக டிக்கெட் எடுத்தால், நடுவில் ஒருவருக்குக் கமிஷன் போகாது.

நல்ல டிரைவரை எப்படித் தெரிந்துகொள்வது?

வேகமாக ஓட்டுபவர்தான் கில்லாடி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கரடுமுரடான பாதையில் திறமை என்பது மெதுவாக ஓட்டுவதில்தான் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் 'லோ' கியர் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான். சக்கரம் மெதுவாகச் சுற்றும், இழுவை கூடும். இறக்கத்தில் நல்ல டிரைவர் முதல் கியரில் போட்டு இன்ஜினின் பிடியிலேயே வண்டியை இறக்குவார். நியூட்ரலில் உருட்டுகிறவர், பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர் என்றால், தயங்காமல் "மெதுவா போங்கண்ணா" என்று சொல்லுங்கள். பணம் கொடுத்தவர் நீங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

மேலே ஏறி நில்லுங்கள், பானெட்டில் உட்கார்ந்து போட்டோ எடுங்கள் என்று டிரைவரே ஆசை காட்டினாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓடையிலும் புல்வெளியிலும் வண்டியை இறக்கிக் காட்டுவதாகச் சொல்லும் பேக்கேஜும் வேண்டாம். சக்கரத் தடம் பதிந்த புல்வெளியில் மழை பெய்தால் மண் அரித்துக்கொண்டு போய்விடும். ஓடையின் கீழ்ப்பக்கம் அதே தண்ணீரைக் குடிப்பவர்களும் இருப்பார்கள்.

இன்னொன்று, யானை. சூரியநெல்லியை ஒட்டிய சின்னக்கானல் பகுதி, 2023-ல் அரிக்கொம்பன் யானை பிடிக்கப்பட்ட இடம். அந்த யானை இப்போது அங்கே இல்லை. ஆனாலும், யானைகள் நடமாட்டம் தொடர்கிறது. இருட்டில் போகும் பயணத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தால், 'நேரமாகிறதே, சூரியன் போயிடுமே' என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

எல்லோரும் ஒரே ஜீப்பில் போக வேண்டுமா?

குடும்பமாகப் போனால் எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று ஒரு பழக்கம் நமக்கு உண்டு. பெரியம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனாலேயே அவரையும் ஏற்றிக்கொண்டு போவோம். அவரும் நம் சந்தோஷம் கெடக் கூடாதென்று வலியை வெளியே சொல்லாமல் வருவார். ஊர் திரும்பிய பிறகு ஒரு வாரம் படுத்திருப்பார்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. இளைஞர்கள் விடியற்காலையில் கொழுக்குமலை போய்வரட்டும். பெரியவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து, சாவகாசமாக டிபன் சாப்பிடட்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து காரிலேயே கேப் ரோடு, ஆனையிறங்கல் அணை என்று கிளம்பலாம். நல்ல தார்ச்சாலை, இரண்டு பக்கமும் தேயிலை, விரும்பிய இடத்தில் நிறுத்தி டீ குடிக்கலாம். மலையைப் பார்க்க மலையில் குலுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

முதல் நாள் மாலையே மேகம் எப்படி இருக்கிறது என்று அங்கிருப்பவர்களிடம் விசாரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மேலே போனால் வெள்ளைப் பனியைத் தவிர எதுவும் தெரியாத நாட்கள் உண்டு. பொதுவாக டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம்.

அத்தனையும் விசாரித்த பிறகும், காலையில் ஜீப்பைப் பார்த்ததும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மனசு ஒப்பவில்லை என்றால், "காசு கொடுத்தாச்சே, ஏறுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். கொழுக்குமலைப் பாதை குறுகலானது. பாதி வழியில் 'முடியலப்பா, திரும்பிடலாம்' என்று சொன்னால், திருப்ப இடமும் இருக்காது, இறங்கி உட்காரக் கடையும் இருக்காது. 'நான் வரலை' என்று சொல்வதற்கு வசதியான இடம் சூரியநெல்லிதான். அங்கே டீக்கடை இருக்கிறது.