மூன்று சூரியன்கள் காயும் மலை

"அம்மா, நாளைக்கு நாம் ஸைக்கிளில் போகிறோம்" என்று என் பெண் சொன்னபோது, கையிலிருந்த காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். எனக்கு வயது 61. கடைசியாக ஸைக்கிள் ஏறியது பதினாறாம் வயதில். அண்ணாவுக்குத் தெரியாமல் அவன் ஸைக்கிளை எடுத்துக்கொண்டு போய், தெருக்கோடியில் வைக்கோல் வண்டிமேல் மோதியதோடு சரி. முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கிறவள் மலைமேல் ஸைக்கிள் மிதிப்பதாவது!

"நீ கொஞ்சம் மிதித்தால் போதும். பாக்கியைப் பாட்டரி பார்த்துக்கொள்ளும்" என்றாள்.

என் பெண் ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரில் வேலையாக இருக்கிறாள். ஆறு வருஷமாகிறது. நான் அங்கே போனது ஊர் பார்க்க மட்டும் அல்ல. 'போதும், ஊரோடு வந்து சேர்ந்துவிடேன்' என்று நேரில் கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பத்து நாளாகியும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை லூத்ரி என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் எங்கள் ஊர்வலம் புறப்பட்டது. வழிகாட்டி ஓர் அம்மாள். என் வயதுதான் இருக்கும். அந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்குத் தலையில் கவசம் மாட்டி, ஸைக்கிளின் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தாள். மிதித்தால்தான் மோட்டார் ஓடும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் உதவிக்கு வராது. கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால், மேட்டுக்குத் தகுந்தபடி பலம் கூடும். முதல் இரண்டு நிமிஷம் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அப்புறம் பாருங்கள், யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. சின்ன வயதில் அண்ணா அப்படித்தான் தள்ளுவான்!

ஒரு பக்கம் லேமான் ஏரி. ஜெனீவா ஏரி என்று நாம் படித்தது அதைத்தான். பிறை வடிவில் 73 கிலோமீட்டர் நீளம். ஆழமான இடத்தில் 310 மீட்டர். எதிர்க்கரை பிரான்ஸ் தேசம். மறு பக்கம், ஏரியிலிருந்து செங்குத்தாக எழும் மலையில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். லவோ என்பது இந்தப் பிரதேசத்தின் பெயர். 12-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவிகள் இங்கே காட்டை வெட்டிக் கொடி நட்டார்களாம். அன்றைக்கு ஆரம்பித்த வேலை இன்னும் நிற்கவில்லை. படிக்கட்டுச் சுவர்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் சுமார் 400 கிலோமீட்டர் வருமென்று கணக்குச் சொல்கிறார்கள்.

"எங்கள் கொடிக்கு மூன்று சூரியன்கள்" என்றாள் வழிகாட்டி. வானத்துச் சூரியன் ஒன்று. ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயில் இரண்டாவது. பகலெல்லாம் சூட்டைக் குடித்து, ராத்திரியில் வெளியே விடுகிற கற்சுவர் மூன்றாவது. எங்கள் ஊரில் ஒரு சூரியனையே தாங்க முடியவில்லை என்றேன். என் பெண் அதைப் பிரெஞ்சில் சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

குய்யி, எபெஸ், ரிவா என்று கிராமங்கள் கொத்துக் கொத்தாக வந்தன. செப்டம்பர் கடைசி, அறுவடை சமயம். சரிவு கடுமையானதால் கையால்தான் பறிக்க வேண்டும். பெட்டிகளை ஏற்றியிறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் ஊர்கிறது. ஷஸ்லா என்ற பொன்னிறத் திராட்சை இங்கே விசேஷம். அதில் செய்யும் ஒயினை உள்ளூரிலேயே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள். ஸ்விஸ் ஒயினில் வெளிநாடு போவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மற்றவர்கள் கிண்ணத்தைக் கையிலெடுத்தார்கள். நான் ஒரு கொத்துப் பழம் வாங்கிக்கொண்டேன். தோல் மெல்லிசு, தேன் போல இனிப்பு.

ஒரு சுவரோரம் உட்கார்ந்தோம். முன்காலத்தில் மழைக்கு மண் கீழே சரிந்தால், அதைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து, மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். அவளுடைய பாட்டியும் சுமந்திருக்கிறாள். இந்த மண்ணை வீட்டுமனையாக்கிவிடப் போகிறார்களே என்று பயந்து, 1977-இல் இந்த மாகாணத்து ஜனங்களே வோட்டுப் போட்டுச் சட்டத்தில் பாதுகாப்பு வாங்கினார்கள். 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

"உங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டேன்.

அவள் சற்று நேரம் ஏரியையே பார்த்தாள். "ஒரே பையன். ஜூரிச்சில் பாங்கியில் இருக்கிறான். வரமாட்டான்" என்றாள். "முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். மண் சரிந்தால் சுமந்து ஏற்றலாம். பிள்ளையை அப்படிச் சுமந்து கொண்டுவர முடியுமா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான். போதும்."

அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்ன என் பெண்ணின் குரல் கடைசியில் கொஞ்சம் கம்மியது. நான் பழத்தைத் தின்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஸான் ஸஃபோரன் கிராமத்தைக் கடந்து வெவே நகரம் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. சார்லி சாப்ளின் 1953 முதல், 1977-இல் காலமாகும் வரை, இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தார். ஏரிக்கரையில் தொப்பியும் கைத்தடியுமாக அவர் சிலை நிற்கிறது. சுமார் 15 கிலோமீட்டர் வந்திருக்கிறேன், முழங்கால் முணுமுணுக்கவில்லை!

சிலைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் என் பெண் கேட்டாள்: "பத்து நாளாக ஏதோ கேட்க வாயெடுக்கிறாய், விழுங்கிவிடுகிறாய். என்ன அம்மா?"

ஏரியில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்றுமில்லை. இந்த ஸைக்கிள் நம்ம ஊரில் கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன்" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.