திருடன் ஆற்றங்கரையில் ஒரு பூனை!

ஊர் பெயர் தீஃப் ரிவர் ஃபால்ஸ். தமிழில் சொன்னால் 'திருடன் ஆற்று அருவி'. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலை. போய் இறங்கினால் திருடனும் இல்லை, அருவியும் இல்லை. இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் ஓர் அணைக்கட்டு, கொஞ்சம் கடைகள், நிறைய வானம். 2020 கணக்குப்படி ஜனத்தொகை 8,749. நம் ஊர்த் தேர் திருவிழாவில் ஒரு தெருவில் நிற்கிற கூட்டம்!

எலெக்ட்ரானிக்ஸ் படித்த நண்பர்களுக்கு இந்த ஊர் தெரியாமலே தெரியும். ரெசிஸ்டர், கெபாசிட்டர் என்று உலகம் பூரா பார்சல் அனுப்புகிற 'டிஜிகீ' கம்பெனியின் தலைமையகம் இங்கேதான். நாம் போனது அதற்காக அல்ல. பூனைக்காக. 'ஆர்க்டிக் கேட்', அதாவது துருவப் பூனை. நாலு சக்கர 'ஏ.டி.வி' வண்டி செய்கிற கம்பெனி.

ஏ.டி.வி. என்றால் புரியாதவர்களுக்கு... சில பீச்களில் குண்டு குண்டான டயர் வைத்து, மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில் பிடித்து, ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு சுற்ற விடுவார்களே, அதேதான். நமக்கு அது விளையாட்டு. இந்த ஊர்க்காரர்களுக்கு அது உழவு மாடு. மான் வேட்டைக்குப் போனால் மானை இழுத்து வரும். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிற குடிசையை இழுத்துப் போகும். முன்னால் ஒரு தகட்டை மாட்டினால் வாசலில் பனி தள்ளும்.

மினியாபொலிஸில் சாஃப்ட்வேரில் இருக்கும் என் சித்தி பையன் வடக்கே இருபது ஏக்கர் காடு வாங்கியிருக்கிறான். (எந்த தேசம் போனாலும் ஒரு பட்டா கைக்கு வந்தால்தான் நம்மாளுக்குத் தூக்கம் வரும்.) அந்தக் காட்டுக்குள் போய்வர ஏ.டி.வி. வேண்டுமாம்.

"அண்ணே, செய்யிற ஊர்லயே போய் வாங்கிருவோம். பட்டுப்புடவைக்குக் காஞ்சிபுரம் போறதில்லையா?" என்றான்.

2025 அக்டோபர் கடைசியில் கிளம்பினோம். ஐந்து மணி நேரம், கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர். வழியில் ஒரு சுங்கச்சாவடி கிடையாது, ஒரு டீக்கடையும் கிடையாது. போய்ச் சேர்ந்து விசாரித்ததில், காஞ்சிபுரம் மாதிரியே இங்கும் விலையில் ஒரு பைசா குறைப்பதில்லை. சாதா வண்டியே ஏழெட்டாயிரம் டாலரில் ஆரம்பம்.

வண்டியைவிட அதன் கதை சுவாரஸ்யம். இங்கிருந்து வடக்கே சுமார் 110 கிலோமீட்டரில் ரோசோ என்று இன்னும் சின்ன ஊர். கனடா எல்லைக்குப் பக்கம். அங்கே 1954-ல் எட்கர் ஹெட்டீன், தம்பி ஆலன், கூட்டாளி டேவிட் ஜான்சன் மூவரும் சேர்ந்து ஆரம்பித்த பட்டறைதான் 'போலாரிஸ்'. துருவ நட்சத்திரம்! விவசாயக் கருவி செய்துகொண்டிருந்த இடத்தில் பனியில் ஓடும் வண்டி ஒன்றைக் கட்டினார்கள். முதல் வண்டியை 465 டாலருக்கு விற்றார்கள்.

1960-ல் எட்கர், தன் வண்டி என்ன தாங்கும் என்று காட்டுவதற்காக அலாஸ்காவில் பெத்தெல் என்ற ஊரிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை ஆயிரம் மைலுக்கு மேல் பனியில் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தால் கம்பெனியில் மாலை மரியாதை இல்லை, முணுமுணுப்பு. மனுஷர் விலகி வந்து திருடன் ஆற்றங்கரையில் புதுக் கடை போட்டார். அதுதான் பூனை! ஆக, நட்சத்திரத்துக்கும் பூனைக்கும் தகப்பன் ஒருத்தரே. நம் ஊரில் பாகப்பிரிவினைக்குப் பிறகு எதிரும் புதிருமாக இரண்டு 'ஒரிஜினல்' அல்வாக் கடை முளைக்குமே, அந்தக் கதைதான்.

அப்புறம் ஊருக்கு ஊர் கட்சி பிரிந்துவிட்டது. பச்சை ஜாக்கெட் போட்டவன் பூனைக் கட்சி. நட்சத்திர வீட்டில் பூனை வண்டி நின்றால் அது குடும்ப விவகாரம். இந்த விசுவாசத்தை விளம்பரம் உண்டாக்கவில்லை. இவன் ஓட்டும் வண்டிக்கு போல்ட் முடுக்கியவன் பக்கத்து வீட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவனைப் பார்த்து, "ஏம்ப்பா, இப்படியா முடுக்குவே?" என்று கேட்டுவிடலாம். உலகத்தில் இதைவிட நல்ல கஸ்டமர் கேர் உண்டா?

1981-ல் பூனைக் கம்பெனி திவாலானது. அப்போதும் ஊர் விடவில்லை. பழைய ஆட்கள் சிலர் சேர்ந்து இரண்டு மூன்று வருஷத்தில் அதே ஊரில் அதே பெயரில் மறுபடி கிளப்பினார்கள். போலாரிஸ் 1985-ல் ஏ.டி.வி.யில் இறங்கியது. பூனையும் தொண்ணூறுகளின் மத்தியில் இறங்கியது.

அதற்கெல்லாம் முன்பே இந்த வண்டியைப் பிரபலமாக்கியவர்கள் ஜப்பான்காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1970-ல் ஹோண்டா மூன்று சக்கரத்தில் ஒன்று விட்டது. 89 சி.சி., 7 குதிரை சக்தி, விலை 595 டாலர். ஸ்பிரிங் கிடையாது. பலூன் டயர்தான் ஸ்பிரிங். 1971-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஷான் கானரியே அதில் ஏறி ஓட்டினார். மூன்று சக்கரம் கவிழ்ந்து கவிழ்ந்து ஆளைக் கொன்றதால், 1988-ல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தப்படி கம்பெனிகள் அதை விற்பதை நிறுத்தின. பிறகு நாலு சக்கரம்தான்.

இந்தக் கதையை எல்லாம் எங்களுக்குச் சொன்னவர், இரண்டு ஊருக்கும் நடுவில் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர். பழைய வண்டி விற்பனைக்கு இருக்கிறதா என்று கேட்கப் போனோம். காபி கொடுத்தார். (வெந்நீரில் காபி என்று பெயர் எழுதிக் காட்டிய மாதிரி இருந்தது. பாவம், நல்ல மனிதர்.) வாசலில் பளபளவென்று ஒரு புது வண்டி நின்றது. ஆறு வருஷத்துக்கு முன் வாங்கியதாம்.

"எந்தக் கம்பெனின்னு எழுதாதீங்க. மருமகன் அங்கதான் வேலை பாக்கறான்" என்றார்.

"ஏன், சரியில்லையா?"

"ஓடற அன்னிக்கு ராஜா மாதிரி ஓடும். ஓடாத அன்னிக்கு நான் அதைப் பாக்கறேன், அது என்னைப் பாக்குது. ஒரு விளக்கு எரியும். அது என்ன விளக்குன்னு தெரிஞ்சுக்கவே டிரெய்லர்ல ஏத்திக் கடைக்குக் கொண்டு போகணும்."

பிறகு எங்களைப் பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் சிவப்பு ஹோண்டா. 1988 மாடல். கார்ப்பரேட்டர் வண்டி, காற்றில் குளிரும் இன்ஜின், காலால் மாற்றும் கியர். பெல்ட் இல்லை, செயின் இல்லை. பிளாஸ்டிக் வெளுத்து ரோஸ் கலராகி இருந்தது. இரும்புக் கேரியரில் அவர் மனைவியின் பழைய மரக்கூடை ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். அந்த அம்மாள் போய் வருஷமாகிறதாம்.

"இந்தப் பக்கம் ஜப்பான் வண்டி வச்சிருக்கறதை வெளியே சொல்ல மாட்டோம்" என்று கண் சிமிட்டினார்.

'அந்தக் கால வண்டி மாதிரி வருமா?' என்பது உலகம் முழுக்க ஒரே பாட்டுதான். அதை அப்படியே நம்ப நான் தயாரில்லை. 1988-ல் செய்த மட்டமான வண்டியெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். கொட்டகையில் மிஞ்சியிருப்பது கெட்டியானது மட்டும்தானே! அதோடு 7 குதிரையில் ஆரம்பித்த வண்டியில் இன்று எண்பது, தொண்ணூறு குதிரை இருக்கிறது. பவர் ஸ்டியரிங், கியரே மாற்ற வேண்டாத பெல்ட், கம்ப்யூட்டர் எல்லாம் கேட்டவர்கள் நாம்தான். உறுப்பு அதிகமானால் நோயும் அதிகம்.

ஆனால் பெரியவர் புலம்பல் முழுக்கக் கற்பனையும் இல்லை. 2016-ல் போலாரிஸ், இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் 'ரேஸர்' வண்டிகளில் 1,33,000-ஐத் திருப்பி அழைத்தது. தீப்பிடித்ததாக 160-க்கு மேல் புகார்கள். அப்படி ஒரு விபத்தில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆபத்தை உரிய நேரத்தில் அரசுக்குச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள, 2018-ல் 2 கோடியே 72 லட்சத்து ஐம்பதாயிரம் டாலர் கட்டியது கம்பெனி. வண்டி இப்போது மெக்ஸிகோவிலும் அலபாமாவிலும்கூடத் தயாராகிறது. அந்த ஊர்த் தொழிலாளி மட்டமாகச் செய்வான் என்று சொன்னால் அநியாயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிடித்துக் கேட்க அவன் இங்கே இருக்க மாட்டான்.

அதே துருவ நட்சத்திரம் நம் நாட்டிலும் கொஞ்ச நாள் மின்னியது, ஞாபகம் இருக்கிறதா? ஐஷருடன் கூட்டுச் சேர்ந்து 2015-ல் 'மல்டிக்ஸ்' என்று ஒரு வண்டி. ஆள் ஏற்றலாம், மூட்டை ஏற்றலாம், வீட்டுக்குக் கரண்ட்டும் எடுக்கலாம் என்றார்கள். 2018 மார்ச்சில் கடையைக் கட்டிவிட்டார்கள். அதே ஐஷரின் புல்லட், ஆயில் ஒழுகிய காலத்திலும் ஆட்களைக் கட்டிப் போட்டிருந்தது. மல்டிக்ஸுக்காக ஒரு துளி கண்ணீர் விட்டவரை நான் பார்த்ததில்லை.

பூனைக்கு வந்ததுதான் நிஜமான சோதனை. 2017-ல் 'டெக்ஸ்ட்ரான்' என்ற பெரிய கம்பெனி 24 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து ஆர்க்டிக் கேட்டை வாங்கியது. செஸ்னா விமானமும் பெல் ஹெலிகாப்டரும் அவர்களுடையதுதான். நான் பி.காம். படித்தபோது 'குட்வில்' என்று ஒரு கணக்கு வரும். சராசரி லாபத்தை இத்தனை வருஷத்தால் பெருக்கு என்பார்கள். பெருக்கத்தான் சொல்லித்தந்தார்களே ஒழிய, அது எங்கே இருக்கிறது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. டெக்ஸ்ட்ரானுக்கும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது! வாங்கிய கையோடு, நாலு சக்கர வண்டிகளிலிருந்து பூனைப் பெயரைக் கழற்றிவிட்டுத் தன் பெயரை ஒட்டியது. பனி வண்டிக்கு மட்டும் பூனை. குட்வில்லுக்குக் காசு கொடுத்து வாங்கி, அதையே குப்பையில் போட்ட கணக்கு. ஓரிரு வருஷத்தில் பூனையைத் திரும்பக் கூட்டி வந்தார்கள்.

2024 டிசம்பரில் உற்பத்தியையே நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு. எட்டாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊரில் ஃபேக்டரி நின்றால் எப்படி இருக்கும்? நாங்கள் சாப்பிடப் போன ஓட்டலில் பரிமாறிய அம்மாள் சொன்னார்: "அந்தக் குளிர்காலத்துல டிப்ஸே விழலை. யாரும் கஞ்சத்தனமா இல்லை... யாரும் வரவேயில்லை."

2025 ஏப்ரலில் டெக்ஸ்ட்ரான் அதை விற்றது. வாங்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், முன்பு பூனையிலேயே வேலை பார்த்தவர். நாங்கள் போனபோது ஃபேக்டரி வாசலில் கார்கள் நின்றன. ஓட்டலில் பச்சை ஜாக்கெட்கள் மூன்றை எண்ணினேன்.

"இப்ப வண்டி நல்லா வருதா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டான் சித்தி பையன்.

"என் தம்பியை மறுபடி கூப்பிட்டிருக்காங்க. நல்லாத்தான் வரும்."

கார்ட்டர் விட்டம், பெயின்ட் கனம் எல்லாம் பார்த்து மார்க் போடுகிறவர்கள் இந்தப் பதிலைச் சிரிக்கலாம். ஆனால் மருமகன் பெயரைக் காப்பாற்றும் பெரியவரும், தம்பியை நம்பும் இந்த அம்மாளும் பேசுவது வண்டியைப் பற்றியே இல்லை. அதனால்தான் வண்டி கொஞ்சம் மட்டமானாலும் இந்த ஊர்களில் விசுவாசம் தாங்குகிறது. டெக்ஸாஸில் உட்கார்ந்து மாதத் தவணை கட்டுகிறவனுக்கு இங்கே தம்பியும் இல்லை, மருமகனும் இல்லை. இரண்டு முறை நடுக்காட்டில் நின்றால் மூன்றாவது தடவை அவன் விலை குறைந்த சீன வண்டியைப் பார்ப்பான். பார்த்துக்கொண்டும் இருக்கிறான்.

சித்தி பையன் ஷோரூமில் பூனையைத் தடவிப் பார்த்தான், நட்சத்திரத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தான், கேட்லாக் வாங்கிக்கொண்டான். திரும்பும்போது காரை மறுபடி பண்ணைப் பக்கம் திருப்பினான்.

"அந்தச் சிவப்பு வண்டியைக் கொடுப்பீங்களா?"

பெரியவர் தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தார். "இந்த வருஷத்துல நீங்க நாலாவது ஆள். கொடுக்கறதா இல்லை. வேணும்னா ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க... கூடையை மட்டும் அவுக்காதீங்க" என்று சாவியை நீட்டினார்.