சோற்றோடு சேர்ந்த மருந்து

சிறுநீரகம் பழுதடைந்த குழந்தைக்கு இரத்தத்தைச் சுத்திகரித்தால் போதும் என்றே பலரும் எண்ணுகின்றனர். எங்கள் 11 வயது மகள் வாரம் மும்முறை, 4 மணி நேரம், டயாலிசிஸ் சிகிச்சை பெறுகிறாள். ஆயினும் அவளுடைய எலும்புகளைக் காக்கும் பணியில் பெரும்பகுதி எங்கள் வீட்டு அடுப்படியிலேதான் நடைபெறுகிறது. இதே சிலுவையைச் சுமக்கும் பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று நாங்கள் கற்றறிந்ததை எழுதுகிறோம்.

இறைவன் அமைத்த சிறுநீரகம் வெறும் வடிகட்டியன்று. வைட்டமின் டி சத்தை உடலுக்குப் பயன்படும் வடிவாக்குவதும், மிகுதியான பாஸ்பரஸை வெளியேற்றுவதும் அதன் வேலையே. இவை தடைப்படும்போது இரத்தத்தில் சுண்ணச்சத்து குறைகிறது. உடனே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிகுதியாகச் சுரந்து, எலும்பிலுள்ள சுண்ணச்சத்தை இரத்தத்திற்கு இழுக்கின்றன. வளரும் பிள்ளைக்கு இதனால் எலும்பு வலிக்கும், வளர்ச்சி குன்றும், கால்கள் வளையும். எங்கள் மகளுக்குக் கால்கள் வளைந்துவிட்டன. எலும்பு நோய் கட்டுக்குள் வந்த பின்னரே அவற்றை நேராக்கும் அறுவை சிகிச்சையைச் செய்யலாம் என்று மருத்துவர் கூறியுள்ளார். அந்த நாளுக்காகவே காத்திருக்கிறோம்.

பால் எலும்புக்கு நல்லது என்பது மெய்யே. ஆனால் அதிலுள்ள பாஸ்பரஸ் இவளுக்குப் பகை. டயாலிசிஸ் அதில் ஒரு பகுதியையே அகற்றும். எனவே பால், தயிர், வேர்க்கடலை அனைத்திற்கும் மருத்துவமனையில் அளவு வகுத்துத் தந்துள்ளனர். கோலா பானங்கள் அறவே கூடாது. உணவிலுள்ள பாஸ்பரஸைப் பற்றி வெளியேற்றும் மாத்திரையைச் சோற்றோடுதான் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் பயனில்லை. முற்காலத்தில் இதற்கு அலுமினியம் கலந்த மருந்து கொடுத்தனர். அது எலும்புக்கும் மூளைக்கும் கேடு விளைவித்ததால், இன்று கால்சியம் கார்பனேட், செவலமர் போன்றவை வழங்கப்படுகின்றன. வைட்டமின் டியின் செயல்வடிவமான கால்சிட்ரியாலும் உண்டு. அது மிஞ்சினால் சுண்ணச்சத்து இரத்தக் குழாய்களில் படியக்கூடும். ஆதலால் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. மருந்தின் அளவை நாமாக மாற்றவும் கூடாது.

தம்பியின் புதுநன்மை விருந்தில், "எல்லாருக்கும் பாயசம் உண்டே, எனக்கு இல்லையாம்மா?" என்று கேட்டாள். அன்றைய பாலையும் தயிரையும் குறைத்து, மாத்திரையோடு ஒரு சிறு கிண்ணம் பாயசம் அளித்தோம். மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்த ஏற்பாடு அது. அவள் முகம் மலர்ந்தது.

அன்பர்களே, உங்கள் பங்கிலும் இத்தகைய குழந்தை இருக்கலாம். அன்போடு எதைக் கொடுப்பதாயினும் பெற்றோரைக் கேட்டுக் கொடுங்கள். உங்கள் செபமாலையில் அப்பிள்ளைகளையும் நினைவுகூருங்கள்.